வந்தாள் என்று நான் பதிந்த நாட்கள்

பெரும்பாறைக்குப் பக்கத்தில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மொத்தமே முப்பத்தொரு பிள்ளைகள். தலைமையாசிரியை, நான், தொகுப்பூதியத்தில் ஓர் இளம் ஆசிரியை என்று மூன்று பேர். எனக்கு வீடு கீழே வத்தலக்குண்டில். காலையில் ஏறும் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பதரை மணிக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிடும். மாலையில் அதே பஸ் திரும்பி வரும். நடுவில் எதுவும் கிடையாது.

ஸ்மார்ட் போர்டு வந்தது அங்கே என் ஐந்தாவது வருடத்தில். பெரிய அட்டைப்பெட்டியில் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். கூடவே ஆசிரியர்களுக்கு இரண்டு டேப்லெட்; டேப் என்போம். மாட்டிக்கொடுத்த ஆட்கள் சுவரில் துளை போடும்போதே, "நெட் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப பென் டிரைவ்ல போட்டு ஓட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கான பயிற்சி கொடைக்கானலில் இரண்டு நாள் நடந்தது. பயிற்சி கொடுக்க வந்தவர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். ஒரு பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறுகிறது என்பதை இனி நீங்கள் ஊகிக்க வேண்டியதில்லை, செயலியே காட்டிவிடும் என்றார். எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. பதினாறு வருடமாக ஊகித்தே பாடம் நடத்தியவள் நான். ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் என்னவெல்லாம் செய்யலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கம் வரை குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததைக் கேட்டவர்கள், அந்த மிஷின்களே வேண்டாதவை என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அப்படி இல்லை. முதல் வருடம் அவற்றால் என் வகுப்பு நன்றாக நடந்தது.

அந்த நன்றாக நடந்த வகுப்பில்தான் அந்தப் பெண் இருந்தாள். அப்போது ஏழாம் வகுப்பு. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். முடியாது என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் வீட்டில் "ஏலாது" என்பார்கள். அப்பாவும் அம்மாவும் தோட்ட வேலை. ஒரு தங்கை மூன்றாம் வகுப்பில் படித்தாள். இவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் திரையில் வீடியோ ஓடும்போது மட்டும் கையைத் தூக்கிவிடுவாள்.

"நிப்பாட்டுங்க டீச்சர். அந்த அம்மா வேகமாப் பேசுது."

நிறுத்துவேன். எந்த இடம் புரியவில்லை என்று கேட்பேன். சொல்வாள். நான் பலகையில் வரைந்து விளக்குவேன். பிறகு மறுபடியும் ஓட்டுவோம். பத்து நிமிட வீடியோ ஒரு மணி நேரம் போகும். வீடியோவை எப்படி வகுப்பில் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பயிற்சியில் கற்றதைவிட அவள் தூக்கிய கையைப் பார்த்துத்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

இதயம் பற்றிய பாடம் ஓடிய மறுநாள், அவள் ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே கோழியின் இதயம். முந்தின நாள் யாரோ விருந்தாளி வந்ததில் வீட்டில் கோழி அடித்திருந்தார்கள்.

"போர்டுல காட்டுன மாதிரி நாலு ரூம்பு இருக்கான்னு பாப்போம் டீச்சர்" என்றாள்.

பிளேடால் அறுத்தோம். அத்தனை பேரும் என் மேஜையைச் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். சின்னதாக இருந்தாலும் அறைகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, "டி.வி. பொய் சொல்லல" என்றாள்.

வாசிப்புக்கு ஒரு செயலி இருந்தது. பிள்ளை சத்தம்போட்டு வாசிக்க வேண்டும். சரியாக வாசித்த சொல் பச்சையாகும், தப்பினது சிவப்பாகும். எங்கள் பள்ளிக்குத் தகரக் கூரை. மழை அடித்துப் பெய்தால் அந்தச் செயலியைப் பொறுத்தவரை பள்ளியில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. எல்லாம் சிவப்பு. இவள் மெல்லிய குரல்காரி. வெயில் காலத்தில்கூடப் பாதிதான் பச்சையாகும். அழவில்லை. தொண்டை நரம்பு புடைக்க வாசித்துப் பழகிக்கொண்டாள்.

மறு வருடம் வருகைப் பதிவும் செயலிக்கு வந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

காலை ஒன்பது மணிக்குச் செயலியில் அந்தப் பக்கம் திறக்கும். ஒன்பதரைக்கெல்லாம் எங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பள்ளி பதியவில்லை என்று அலுவலகத்தில் பார்த்துவிடுவார்கள். பதியாத பள்ளி சிவப்பில் தெரியும். எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால் போன் பேசலாம், அவ்வளவுதான். நெட் எங்கேயும் வராது. முதல் இரண்டு வாரம் காகிதப் பதிவேட்டில் குறித்து வைத்துக்கொண்டு, மாலையில் கீழே இறங்கும்போது செயலியில் ஏற்றினேன். இரண்டு வாரமும் தினமும் போன் வந்தது.

மூன்றாவது வாரம் தலைமையாசிரியை சொன்னார். "டீச்சர், நீங்க பஸ்ல வர்றப்ப அந்தக் கொண்டை ஊசி வளைவுல சிக்னல் கெடைக்கும்ல? அங்கயே போட்டுவிட்ருங்க. தினமும் அவங்ககிட்ட என்னால பேச்சு வாங்க முடியல."

"பிள்ளைங்களப் பாக்காம எப்படி மேடம் போடுறது?"

"நம்ம பிள்ளைங்க எங்க போகப் போகுதுங்க? எல்லாம் வந்துருங்க. யாராச்சும் வரலைன்னா சாயங்காலம் மாத்திக்கலாம்."

சாயங்காலம் மாற்ற முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருமுறை ஏற்றியதை மாற்றினால் காரணம் கேட்டது. ஆகவே மாற்றுவதை விட்டுவிட்டேன். அடுத்து ஓர் ஆய்வுக்கு வந்தவர்கள் காகிதப் பதிவேடும் செயலியும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். அன்றிலிருந்து காகிதத்தையும் செயலியைப் பார்த்தே எழுதினேன். பஸ் அந்த வளைவில் திரும்பும்போது பெருவிரலால் முப்பத்தொரு பேரையும் தொட்டுவிடுவேன். பஸ்ஸில் கூட வரும் காய்கறிக்காரம்மா, "டீச்சர் கேம் வெளையாடுறாங்க" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அந்த ஆடி மாதத்தில் அவள் அப்பாவைக் காட்டுமாடு முட்டியது. விடிவதற்கு முன் தோட்டத்துப் பாதையில் போனவரை, மிளகுக் கொடி படர்ந்த மரத்தோடு சேர்த்து நசுக்கியிருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்துவிட்டு, கட்டிலோடு வீடு திரும்பினார்.

ஆவணி பிறந்து ஒரு வாரம் அவள் வரவில்லை. தங்கையிடம் கேட்டேன்.

"அக்கா அத்தை வீட்டுக்குப் போயிருச்சு டீச்சர்."

"எப்ப வரும்?"

"தெரியாது டீச்சர்."

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் லயத்துக்கு நடந்தே போனேன். அவள் அம்மா வாசலில் என்னைப் பார்த்ததும் முக்காலியை எடுத்துப் போட்டார். உள்ளே கட்டிலில் அவள் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அத்தைக்காரி கீழ பஞ்சு மில்லுல இருக்கா டீச்சரம்மா. அங்கயே ஹாஸ்டலு, சாப்பாடு. பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருக்கா. இவுக எந்திரிச்சு நடக்குற வரைக்குந்தான்."

"அது எட்டாவது படிக்கிற பிள்ளைம்மா. மில்லுல விடவே கூடாது. சட்டப்படி தப்பு."

"தப்புன்னு எனக்கும் தெரியுது. ஒத்தையா எனக்கு ஏலாது டீச்சரம்மா. பேரை மட்டும் வெட்டிராதீங்க. வந்ததும் ஒக்காந்துக்கிடும்."

பேரை வெட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது அது அவளுக்கு நான் செய்யும் நல்லது என்றே நினைத்தேன். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. பெயர் இருந்தால் சான்றிதழ் கிடைக்கும், அதை வைத்து ஒன்பதாம் வகுப்பில் சேரலாம். தலைமையாசிரியைக்கு வேறு கவலை. இடைநின்றவள் என்று போட்டால் எண்ணிக்கை முப்பதாகும். ஏற்கெனவே பள்ளியை இன்னொன்றோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு இருந்தது. ஆளுக்கொரு நியாயம். ஆக திங்கட்கிழமையும் அந்த வளைவில் அவள் பெயரைத் தொட்டேன்.

வந்தவள் என்றால் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். வாரம் ஒரு தேர்வு டேபில். நெட் இல்லாமலே எழுதலாம், நான் கீழே இறங்கியதும் அது ஏறிவிடும். தினமும் வருகிற பிள்ளை தேர்வு எழுதாமல் இருந்தால் அது ஒரு பட்டியலில் வரும். முதல் வாரம் விட்டுப் பார்த்தேன். போன் வந்தது. இரண்டாம் வாரம், பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபின் அவள் எண்ணைப் போட்டு நானே தேர்வை எழுதினேன். வாசிப்புச் செயலிக்கும் என் குரலையே கொடுத்தேன். அது பிள்ளையின் குரலா நாற்பது வயதுக்காரியின் குரலா என்று அந்தச் செயலி பார்க்கவில்லை. எல்லாச் சொல்லும் பச்சையானது. திரையில் ஒரு நட்சத்திரம் வந்து சுற்றியது.

அந்தப் பருவத்தில் எங்கள் பள்ளியின் வாசிப்பு நிலை உயர்ந்திருப்பதாக ஒரு கூட்டத்தில் சொல்லிக் கைதட்டினார்கள். நானும் தலைமையாசிரியையும் எழுந்து நின்றோம்.

ஐப்பசியில் நல்ல மழை. ஒருநாள் பதினோரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். தலைமையாசிரியை தொட்டிக்குப் பக்கத்தில் குடையோடு நின்று பேசினார். சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மேடம், மில்லுல சின்னப் பிள்ளைங்க வேலை பாக்குதுன்னு யாரோ புகார் சொல்லிருக்காங்க. நாலு பிள்ளைங்க பேரு வந்திருக்கு. ஒண்ணு உங்க ஸ்கூல் பிள்ளை. நான் ஆப்ல பாத்துட்டேன். டெய்லி பிரசன்ட், டெஸ்ட்டும் நல்லா எழுதியிருக்கு. இருந்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன். பிள்ளை வருதுல்ல?"

தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம் அது. மழை குடையில் விழுந்துகொண்டிருந்தது. நான் தொட்டியின் குழாயைப் பார்த்தேன்.

"வருது சார்" என்றார் அவர்.

"அப்ப சரி. அந்தப் பேரை எடுத்துர்றேன்."

மற்ற மூன்று பெண்களை அந்த வாரமே மில்லிலிருந்து மீட்டு அவரவர் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

போனை வைத்ததும் தலைமையாசிரியை கோபமாகத்தான் பேசினார். கோபம் என்மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"என்ன சொல்லச் சொல்றீங்க டீச்சர்? இல்லைன்னா, ரெண்டு மாசமா எப்படிப் போட்டீங்கன்னு அடுத்த கேள்வி வரும். எனக்கு இன்னும் ஏழு மாசந்தான் சர்வீஸ் கெடக்கு."

"நான் அவ அம்மாகிட்டப் பேசிக் கூட்டிட்டு வரச் சொல்றேன் மேடம்."

"வெரசா சொல்லுங்க. முதல்ல அதைச் செய்யுங்க."

அன்றே போனேன். அவள் அம்மா தலையாட்டினார். "தீவாளிக்கு வரும் டீச்சரம்மா. அப்படியே நிப்பாட்டிக்கிறேன்." தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. எத்தனையோ நாள் போய்விட்டது, மூன்று வாரம்தானே என்று நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினேன்.

பதினோரு நாள் கழிந்தது. முதல் பாடவேளை முடியவில்லை. அவள் தங்கை வகுப்பு வாசலில் வந்து நின்றாள். பை இல்லை, செருப்பு இல்லை.

"டீச்சர், அக்காவுக்குக் கை போயிருச்சு. அம்மா சொல்லிட்டு வரச் சொல்லுச்சு."

முந்தின நாள் நடந்திருக்கிறது. பஞ்சைச் சுத்தம் பண்ணும் மிஷினில் அடைப்பு எடுக்கச் சொன்னார்களாம். மிஷினை நிறுத்தாமலே எடுக்கச் சொன்னார்களாம். வலது கையில் இரண்டு விரல் முழுதாகவும் நடுவிரலில் பாதியும் போய்விட்டன. முந்தின நாள் மட்டுமல்ல, அன்று காலையிலும் ஒன்பது மணிக்கு நான் அவள் வந்திருப்பதாகப் பதிந்திருந்தேன்.

சனிக்கிழமை திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் அம்மா தரையில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவள் கட்டிலில், கையில் பெரிய கட்டு. மெலிந்து, கறுத்து, தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். மிஷினில் மாட்டிக்கொள்ளும் என்று ஹாஸ்டலிலேயே வெட்டிவிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வேண்டாம் என்றேன்.

வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றாள். பிறகு கேட்டாள்.

"டீச்சர், என்னைய எதுக்கு ஸ்கூல்ல இருந்தேன்னு சொல்றாங்க?"

"யாருமா சொல்றா?"

"மில்லுக்காரங்க. நான் அங்க வேலையே பாக்கலையாம். எங்க எஸ்டேட்ல காப்பிப் பழம் உரிக்கிற மிஷின்ல கைய விட்டுட்டு, இங்க வந்து அவங்க மேல சொல்றேனாம். போலீஸ்காரர் வந்து போன்ல பாத்தாரு. அன்னிக்கு நீ ஸ்கூல்லதானம்மா இருந்திருக்க, இதுல போட்டிருக்கேங்குறாரு. நான் இல்ல டீச்சர். நான் மில்லுலதான் டீச்சர் இருந்தேன்."

என்னவோ நான் நம்பாதவள் போல, மில்லில் எந்த மிஷின், யார் கூட நின்றார்கள், காலையில் என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவள் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நிரூபித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலையைத் தடவி, "தெரியும்மா, நான் பேசுறேன்" என்றேன். அதற்குமேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, ஒன்பது நாள் யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்தார். "எழுதிக் குடுத்தா வேலை போயிரும்னு தெரியுமா ஒனக்கு? அந்தப் பிள்ளை வெரல் திரும்ப மொளைக்குமா?" அவர் கெட்டவர் இல்லை. மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம் அது. தலைமையாசிரியை ஒருநாள் மாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏழு மாசம் டீச்சர். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா எழுதுங்க" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பத்தாவது நாள் எழுதினேன். தலைமையாசிரியையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை அந்த மாணவி பள்ளிக்கு வரவில்லை, வருகையையும் தேர்வையும் நானே பதிந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வட்டார அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன்.

அந்த அதிகாரி இரண்டுமுறை படித்தார். தாளை மேஜையில் என் பக்கமாகவே தள்ளி வைத்தார்.

"இதை வாங்கினா நான் ஆக்‌ஷன் எடுத்துத்தான் ஆகணும் டீச்சர். வீட்டுக்குப் போயி நல்லா யோசிச்சிட்டு வாங்க."

"யோசிச்சிட்டுத்தான் சார் வந்திருக்கேன்."

"இந்த ஒரு பிள்ளைக்கு மட்டுந்தான் இப்படியா?"

"எல்லாப் பிள்ளைக்கும், எல்லா நாளும் பஸ்ல வெச்சுத்தான் சார் போட்டேன். அங்க நெட் வராதுன்னு மூணு தடவை எழுதியிருக்கோம்."

அவர் தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார். பிறகு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் கொண்டுபோனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகவே பேசினார். ஆனால் நான் தாமதித்த ஒன்பது நாளில் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. மில்லுக்காரர்கள் அவள் அம்மாவிடம் கொஞ்சம் பணம் கொடுத்து, ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்று, எஸ்டேட் மிஷினில்தான் அடிபட்டது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். மூன்று மாதம் கூடவே தங்கியிருந்த அத்தைக்காரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவளுக்கும் அங்கே வேலை வேண்டுமே.

"உங்க லெட்டர், பிள்ளை ஸ்கூல்ல இல்லைன்னுதான் சொல்லுது மேடம்" என்றார் அவர். "எங்க இருந்துச்சுன்னு அதுல இல்லையே. பெத்தவங்களே வேற எடம் சொல்றாங்க."

மில்லில்தான் இருந்தாள் என்று அவள் அம்மாவே என்னிடம் சொன்னதைச் சொன்னேன், கேள்விப்பட்டது செல்லாது என்றார். அத்தோடு அது முடிந்தது.

எனக்கும் தலைமையாசிரியைக்கும் துறை விசாரணைக்கான 17-பி குற்றச்சாட்டு வந்தது. நான் அவரைப் பற்றி எழுதாமல் விட்டதால் பயன் ஒன்றும் இல்லை. பதிவேட்டில் கீழே அவர் கையெழுத்துத்தான் இருந்தது. விசாரணை நடந்து, என் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். மாறுதல் ஆணை கல்வியாண்டு முடிகிறபோது வந்தது. அவர் மே மாதம் ஓய்வுபெற வேண்டிய நாளில் அவர்மேலான விசாரணை முடிந்திருக்கவில்லை. ஓய்வூதியக் காகிதங்கள் வெகுநாள் கிடப்பில் கிடந்தன. கடைசி நான்கு மாதம் ஒரே அறையில் உட்கார்ந்து, அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

பொங்கல் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தாள். ஒரு மாதம்போல வந்தாள். இடது கையில் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். அ எழுதினால் பலகை முழுவதும் ஓடும். பிள்ளைகள் முதலில் கையையே பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். திரையில் வீடியோ ஓடும். எங்கேயும் நிறுத்தச் சொல்லமாட்டாள். நானே நிறுத்தி, "புரியுதாம்மா?" என்பேன். "புரியுது டீச்சர்" என்பாள்.

ஒருநாள் வாரத் தேர்வுக்கு டேபை அவளிடம் கொடுத்தேன். அவள் எண்ணைப் போட்டதும் பழைய தேர்வுகளின் வரிசை திறந்துகொண்டது. நான் வேறொரு பிள்ளைக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கும்போது அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நான் எழுதலையே டீச்சர். யாரு எழுதுனது?"

"நான்தாம்மா எழுதுனேன்."

தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இந்த ஒண்ணு மட்டும் தப்பாப் போட்டிருக்கீங்க. எதுக்கு டீச்சர்?"

அந்த வாரம் எல்லாவற்றையும் சரியாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்திருந்தேன். எந்தக் கேள்வியில் அவள் தவறுவாள் என்று யோசித்து, அதைத் தப்பாகத் தொட்டிருந்தேன். இரத்தம் இதயத்தின் எந்த அறைக்கு முதலில் வருகிறது என்ற கேள்வி அது.

"இது எனக்குத் தெரியுமே டீச்சர்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று யாரோ எழுதிவைத்ததைச் சரிசெய்கிற குரல். டேபை வாங்கி அணைத்தேன். அந்த வாரம் அவளைத் தேர்வு எழுதச் சொல்லவில்லை. மாசியில் அவள் வருவது நின்றுபோனது. இந்த முறை வரவில்லை என்றே பதிந்தேன். செயலியில் சிவப்பாக ஒரு புள்ளி வந்தது. அதைப் பார்த்து ஒருவரும் போன் செய்யவில்லை.

இப்போது நான் பழனி அடிவாரத்தில் ஒரு பெரிய பள்ளியில் இருக்கிறேன். நெட் நன்றாக வருகிறது. போர்டு வேலை செய்கிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்தித்தான் நடத்துகிறேன். ஒவ்வொரு பிள்ளையாக முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகை போடுகிறேன். நேரமாகிறது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் அவசரப்படுத்துவார். பழைய தலைமையாசிரியையை ஒருமுறை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். பந்தியில் எதிர் வரிசை. எழுந்து வேறு இடம் போய் உட்கார்ந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன்.

போன வருடம் பழம் எடுக்கிற பருவத்தில் ஒரு விடுப்புப் போட்டுவிட்டு மேலே போனேன். அவள் அப்பா இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். அவர்தான் தோட்டத்தில் எந்தப் பாத்தியில் வேலை நடக்கிறது என்று காட்டினார். அவளுக்குப் பதினாறு வயதிருக்கும். இடுப்பில் சாக்குக் கட்டிக்கொண்டு, காப்பிச் செடிக் கிளையை வலது முழங்கையால் வளைத்துப் பிடித்து, இடது கையால் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களின் வேகத்துக்குப் பறித்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள். நலம் விசாரித்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ் முழுவதும் வார்த்தைகளைச் சேர்த்துவைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோது அது என் பாரத்தை அவள் சாக்கில் போடுவதாக இருக்கும் என்று பட்டது. ஆனாலும் சொன்னேன்.

"நான் அன்னைக்கு அந்தப் போன்லயே சொல்லியிருந்தா ஒன்னையக் கூட்டிட்டு வந்திருப்பாங்கம்மா. நான் சொல்லல."

அவள் கிளையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.

"அது தெரியும் டீச்சர். கூட இருந்த மூணு பேரக் கூட்டிட்டுப் போனாங்க. என் பேரு மட்டும் படிக்கல. நான் கேட் வரைக்கும் ஓடினேன்."

அந்தக் கிளையில் பழம் தீர்ந்ததும் அவளே கேட்டாள்.

"தங்கச்சி ஏழாவது படிக்குது. நான் வெள்ளனே தோட்டத்துக்கு வந்துருவேன். ஸ்கூலுக்குத்தான் போகுதா, இல்ல வேற எங்கயும் சுத்துதான்னு தெரியல. நீங்க போன்ல பாத்துச் சொல்ல முடியுமா டீச்சர்?"

"போன்ல பாத்தா தெரியாதும்மா. நான் போயிப் பாத்துட்டு வர்றேன்."

பழைய பள்ளிக்கு நடந்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றேன். சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். அந்தச் சின்னவள் வளர்ந்திருந்தாள். ஆனாலும் அடையாளம் தெரிந்தது. சாம்பார் வாளிக்கு முன்னால் நின்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் சோறு விழும்வரை பார்த்துவிட்டு, வந்த வழியே பாத்திக்குத் திரும்பினேன்.

"இருக்கா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

"சரி டீச்சர்" என்றாள். பறிப்பதை நிறுத்தவில்லை.